ஓர் அந்தர் அச்சிமுகம்மது

சாய்ந்தமருதில் அச்சிமுகம்மது என்ற பெயரில் அந்த நாளில் நாலு பேர் இருந்தார்கள். ஒருவர் பள்ளிவாசல் மோதினார், ஒருவர் துணிக்கடைக்காரர், ஒருவர் கரைவலைச் சொந்தக்காரர். நாலாவது ஆளை ஊர் முழுக்க ‘அந்தர்’ என்றுதான் கூப்பிட்டது. அபுல் ஹஸன் முதலாளியின் நெல் மில்லில் மூட்டை சுமக்கும் தொழிலாளி அவர், எங்கள் பக்கத்து வழக்கில் நாட்டாமை. ஓர் அந்தர் என்றால் நூற்றுப்பன்னிரண்டு றாத்தல். அச்சிமுகம்மதின் உடம்பும் நூற்றுப்பன்னிரண்டு றாத்தல். வேறொருவருக்கு இப்படிப் பட்டம் வைத்திருந்தால் கல்லெறி விழுந்திருக்கும். இவருக்கோ சந்தையில் யாராவது “அந்தர் காக்கா!” என்று கூப்பிட்டால் தலைகால் தெரியாத பெருமை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் திரும்புவார்.

பட்டம் வந்த கதை சின்னக் கதைதான். மில்லில் பழைய தொங்குதராசு ஒன்று இருந்தது. ஒரு பக்கம் மூட்டை, மறுபக்கம் ஐம்பத்தாறு றாத்தல் இரும்புக் கல் இரண்டு. அறுவடை மும்முரத்தில் ஒருநாள் கல் ஒன்று கைதவறி உருண்டு கிணற்றுக்குள் போய்விட்டது. வாசலில் பதினாறு வண்டில்கள் நெல்லோடு நிற்கின்றன. முதலாளி தலையில் கையை வைத்துக்கொண்டு நின்றார். அதற்கு முந்திய வாரம்தான் விளையாட்டுக்கு அச்சிமுகம்மதைத் தராசில் ஏற்றிப் பார்த்திருந்தார்கள். இரண்டு கல்லுக்கும் சரியாக நின்றிருந்தார். அந்த நினைவில், “தள்ளுங்க பாப்பம்” என்று அவரே கல் வைக்கும் பலகையில் ஏறிக் குந்திக்கொண்டார். அன்றைக்கு மாலைவரை வந்த நெல்லெல்லாம் அவருடைய உடம்புக்கு எதிராகத்தான் நிறுக்கப்பட்டது. சம்மாந்துறைக்காரரும் காரைதீவுக்காரரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஆனால் நிறுவையில் ஒருவரும் குறை சொல்லவில்லை.

கல்லை மறுநாள் எடுத்துவிட்டார்கள். ஆனாலும் விவசாயிகள் விடவில்லை. ஒவ்வொரு போகத்திலும் நெல் வாங்கத் தொடங்கும் முதல் நாள், முதல் மூட்டைக்கு முன்னால் அச்சிமுகம்மது ஏற வேண்டும். மேற்சட்டையையும் இடுப்பு வாரையும் கழற்றி வைத்துவிட்டு, பிஸ்மி சொல்லி ஏறுவார். தராசு ஓர் அந்தர் காட்டினால்தான் மூட்டை இறங்கும். கல்லைத் தேய்க்கலாம், குடைந்து எடுக்கலாம், இந்த மனிதனை என்ன செய்ய முடியும் என்பது அவர்களுடைய நியாயம். நல்ல நியாயம்தானே!

“மனிச உடம்பு கூடிக் குறையாதா?” என்று நீங்கள் கேட்பீர்கள். கூடும், குறையும். அச்சிமுகம்மதின் உடம்பும் போகும். ஆனால் போன இடத்தில் தங்காது. கலியாணம் முடித்துப் பெண் வீட்டில் குடிபுகுந்த புதிதில் மாமியார் விட்டாரா? இறைச்சி, முட்டை, நெய்ச்சோறு, வட்டிலப்பம் என்று நாற்பது நாள் ஊட்டித் தள்ளினார். மாப்பிள்ளை மெலிவாக இருந்தால் பெண் வீட்டுக்குத்தானே பேச்சு! ஆள் நூற்று இருபத்தொன்றுவரை ஏறினார். பிறகு மூட்டை சுமக்கப் போனார், பசி தானாகவே மட்டுப்பட்டது, மூன்றே மாதத்தில் பழைய அந்தர். மாமியாருக்கு அழுகை வந்துவிட்டது. எழுபத்தெட்டுக் கார்த்திகையில் சூறாவளி அடித்துத் தென்னையெல்லாம் சரிந்து, ஊரே நிவாரண மாவில் உயிர் பிழைத்த நாளில் நூறுக்கு இறங்கினார். மாசி முடிவதற்குள் திரும்பவும் அந்தர். நோன்பு மாதத்தில் வருடம் தவறாமல் நாலு றாத்தல் போகும். பெருநாள் கழிந்து மூன்று கிழமையில் அந்த நாலும் சொல்லிவைத்தாற்போல் வந்து சேரும்.

எழுபத்தொன்பதாம் ஆண்டு நோன்பு ஆவணி வெயிலோடு வந்தது. பெருநாளும் சிறுபோக அறுவடையும் ஒன்றை ஒன்று முட்டிக்கொண்டு நின்றன. அந்த வருடம்தான் முதலாளி பழைய தராசைக் கல்லோடு சேர்த்து விற்றுவிட்டு, கொழும்பிலிருந்து புதிய மேடைத்தராசு ஒன்றை லொறியில் இறக்கியிருந்தார். பச்சை நிறப் பூச்சு மின்னியது. மேடையில் மூட்டையை வைத்து, நிறை குறித்த இரும்புச் சட்டத்தின் முனையில் சின்னத் தொங்குகல்லை மாட்டினால் போதும். முதலாளி அதைத் தன் கைலேஞ்சியால் துடைத்துத் துடைத்து எல்லோருக்கும் காட்டினார்.

பெருநாள் முடிந்து மூன்றாம் நாள் கொள்வனவு தொடங்கியது. முதல் வண்டில் காரைதீவுச் சீனித்தம்பியுடையது. ஏழு ஏக்கர் செய்கிறவர், வாய்க்கால் தண்ணீருக்கும் வரம்புக்கும் சண்டை பிடித்தே பேர் எடுத்த மனிதர். அச்சிமுகம்மது வழக்கம்போல் சட்டையையும் வாரையும் கழற்றினார், பிஸ்மி சொன்னார், ஏறினார். நோன்பு கழிந்த கையோடு குறைந்தது நூற்றெட்டு நிற்கும் என்று எல்லோரும் கழுத்தை நீட்டினார்கள். சட்டம் நூற்று மூன்றில் நின்றது.

“என்ன அந்தர், அரை மனிசனாப் போயிட்டாய்!” என்று முதலாளி சிரித்தார். “புயலும் நோன்பும் சேந்து உருக்கிட்டுதாக்கும்.”

கூட்டமும் சிரித்தது. சீனித்தம்பி மட்டும் சிரிக்கவில்லை. “காக்கா, மெய்யாத்தானா? இவ்வளவு குறைஞ்சிட்டீங்களா?” என்று கேட்டார்.

புதுத் தராசு, கொழும்புத் தராசு, அரசாங்க முத்திரை வேறு. அச்சிமுகம்மது தன் வயிற்றைக் குனிந்து பார்த்தார். “ஓம் அண்ணே, இந்த முறை நோன்பு கடுமைதானே. நான்தான் குறைஞ்சிரிக்கன். தராசு சரி” என்றார்.

அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தையோடு மூட்டைகள் ஏறின. சீனித்தம்பி வீட்டில் மரைக்காலால் அளந்து கட்டிய மூட்டைகள். ஒவ்வொன்றும் நூற்றுமுப்பத்தெட்டு வர வேண்டியது, நூற்றுமுப்பத்தொன்றுதான் வந்தது. அவர் தராசைப் பார்த்தார், அச்சிமுகம்மதைப் பார்த்தார், பிறகு வாயை மூடிக்கொண்டு வண்டிலைத் திருப்பினார். வரம்புச் சண்டைக்காரர் இப்படிப் பேசாமல் போனதை அங்கிருந்த யாரும் கவனிக்கவில்லை. அச்சிமுகம்மதும்தான் கவனிக்கவில்லை, என்னத்தைச் சொல்ல!

நாலு கிழமை ஓடியது. அச்சிமுகம்மது இரண்டு தரம் ஆளில்லாத நேரம் பார்த்து மேடையில் ஏறிப் பார்த்தார். முதல் தரம் நூற்றைந்து. இரண்டாம் தரம் நூற்றாறரை. அதோடு நின்றுவிட்டது. அந்தர் வரவேயில்லை. ஆளுக்கு முகம் கறுத்துப்போயிற்று. வருத்தம் ஏதும் வந்துவிட்டதோ, காசமோ, சீனி வியாதியோ என்று உள்ளுக்குள் நடுங்கினார். வீட்டில் இரண்டு கோப்பை சோறு கூடுதலாகத் தின்ன முயன்றார். மூன்றாம் கவளத்துக்கு மேல் சோறு இறங்க மறுத்தது.

அவருடைய மனைவி நாச்சியா நாலு நாள் பார்த்தாள், ஐந்தாம் நாள் பிடித்துக்கொண்டாள்.

“இஞ்ச பாருங்க, என்ன நடக்குது? வயித்துக்குள்ள சோத்த அடைக்கிறீங்க, பிறகு முகத்தத் தூக்கி வச்சிக்கிட்டு இரிக்கிறீங்க.”

“என்ட நிறை திரும்பி வருதில்ல புள்ள. ஆறு றாத்தல் போனது போனதுதான்.”

நாச்சியா எழும்பிப்போய் ஆணியில் தொங்கிய இடுப்பு வாரை எடுத்து வந்தாள். சாரனுக்கு மேல் அவர் கட்டும் அகலத் தோல் வார். அதில் மூன்றாம் துளைதான் அவருடைய துளை. அந்த இடம் மட்டும் தேய்ந்து நீண்டு போயிருந்தது. நோன்பு மாதத்தில் நாலாம் துளைக்குப் போவார். ஒவ்வொரு வருடமும் வார் மூன்றாம் துளைக்குத் திரும்பும் நாளை அவள் மனதில் குறித்து வைப்பாள். அன்றைக்குத்தான் மனிதன் வேலைக்குத் தேறிவிட்டான் என்று அவளுக்கு நிம்மதி.

“ரெண்டு கிழமையா மூணாம் துளையிலதான் கட்டுறீங்க. உங்களுக்கே தெரியாதா? சாரனும் பழையபடிதான் நிக்குது, கன்னமும் வந்திட்டு. உங்கட உடம்பு எப்பவோ வந்திட்டு. வராதது அந்தப் பச்சைப் பேய்தான்!”

அச்சிமுகம்மது வாரைக் கையில் வாங்கினார். அவருக்கு முதலில் வந்தது சந்தோஷம். பிறகு உட்கார்ந்தவர் உட்கார்ந்தபடியே இருந்துவிட்டார். இந்த நாலு கிழமையாகத் தன் முதுகு சொன்னது அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. நூற்றுமுப்பது என்று தராசு சொன்ன மூட்டைகள் முதுகில் நூற்றுமுப்பத்தேழாக அழுத்தின. தான் மெலிந்துவிட்டதால்தான் பாரம் கூடத் தெரிகிறது என்று தன்னைத்தானே ஏமாற்றியிருந்தார். இருபது வருடம் மூட்டை சுமந்த முதுகை நம்பாமல் நேற்று வந்த இரும்பை நம்பிய மடையன் தான் என்று தலையில் அடித்துக்கொண்டார்.

“யா அல்லாஹ்! நான்தானே தராசு சரியெண்டு சொன்னன். என்ட வாயால சொன்னன் புள்ள!”

விடிந்ததும் கல்முனைக்குப் போனார். அங்கே சிறிய டிஸ்பென்சரி நடத்திய பாக்கியராசா முன்பு ஆஸ்பத்திரியில் அப்போதிக்கரி என்னும் உதவி வைத்தியராக இருந்தவர். ஆள் நிறுக்கும் தராசு அவரிடம் இருந்தது. அச்சிமுகம்மது ஏறி நின்றார். முள் நூற்றுப்பன்னிரண்டில் வந்து நின்றது. “அல்ஹம்துலில்லாஹ்!” என்று அவர் போட்ட சத்தத்தில் வெளியே மருந்துக்கு நின்ற குழந்தை அழத் தொடங்கிவிட்டது.

“உங்களுக்கு ஒரு வருத்தமும் இல்ல காக்கா” என்று பாக்கியராசா நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

“அது தெரியும் ஐயா. ஆனா ஒண்டு சொல்லுங்க. மில்லுல கேப்பாங்க. இந்த உடம்பு ஏன் போயிட்டுப் போயிட்டு இதே இடத்துக்கு வருது?”

பாக்கியராசாவுக்குக் கேள்வி பிடித்துப்போயிற்று. கதிரையை இழுத்துப் போட்டார். “நீங்க மெலிஞ்சா உடம்பு சும்மா இரிக்காது. மூளைக்குச் சேதி போகும். பசியக் கூட்டும். அதோட செலவையும் குறைக்கும். கைகால் சோரும், குந்தின இடத்த விட்டு எழும்ப மனம் வராது. நோன்பு முடிய உங்களுக்கு அப்பிடித்தானே?”

“ஓம், அப்பிடியேதான். பெருநாளுக்குப் பிறகு கண்டதையெல்லாம் திங்கச் சொல்லும்.”

“கூடினா மற்றப் பக்கம். பசி மந்தமாகும், சோறு போதுமெண்டு தோணும். ஆனா ஒண்டு, குறையிறதுக்கு எதிராத்தான் உடம்பு கடுமையாச் சண்டை புடிக்கும். கூடுறதுக்கு அவ்வளவா இல்ல. அதாலதான் கனபேர் ஏறிக்கொண்டே போறாங்க. உங்களுக்கு இருபது வருஷமா அதே மூட்டை, அதே நடை, அதே சோறும் மீனும். அதால இப்பிடிக் கறாரா வருது. நாளைக்கு முதலாளியாகிக் கதிரையில குந்தினீங்களெண்டா இந்த அந்தரும் வேற இடம் பாத்துப் போயிரும்.”

“அதுக்குப் பயமில்ல ஐயா” என்று அச்சிமுகம்மது சிரித்தார். “நான் எங்க முதலாளியாகிறது!”

“முழுக்க ஏனெண்டு படிச்சவங்களுக்கே இன்னும் தெரியா. தேடிக்கொண்டுதான் இரிக்காங்க” என்றார் பாக்கியராசா.

அச்சிமுகம்மது நேரே மில்லுக்குப் போனார். முதலாளி மேசையில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். தராசு பிழை என்றதும் கோப்பையைக் கீழே வைத்தார்.

“என்ன கதை கதைக்கிறாய் அச்சிமம்மது? முத்திரை குத்தின சாமான். ஒண்டும் வைக்காம விட்டா சட்டம் நேரா நிக்குது, நீயே பாத்தாய்தானே?”

“நிக்குது முதலாளி. பாரம் ஏறினாத்தான் பொய் சொல்லுது.”

“உன்ட வயித்த வச்சி என்ட தராசப் பிழை சொல்றியா? அறுவடை முடிஞ்சி போச்சு. வாங்கின நெல்லுல பாதி குத்தி முடிஞ்சிட்டு. இப்ப வாயத் திறந்தா என்ட மானம் என்னாகும்?”

“என்ட மானம் போய் ஒரு மாசம் முதலாளி” என்றார் அச்சிமுகம்மது. குரல் உயரவில்லை, ஆனால் மில்லில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். “நீங்க தெரிஞ்சி செய்யல்ல, எனக்கு அது தெரியும். ஆனா விவசாயி உங்கட முத்திரையப் பாத்து மூட்டைய இறக்கல்ல. என்னப் பாத்துத்தான் இறக்கினான். நீங்க சொல்லாட்டி நான் காரைதீவுக்குப் போய் வீடு வீடாச் சொல்லுவன். பிறகு என்ன மில்லுக்கு எடுக்கிறதும் விடுறதும் உங்கட விருப்பம்.”

இருபது வருடத்தில் அச்சிமுகம்மது முதலாளிக்கு எதிர்த்துச் சொன்ன முதல் பேச்சு அது. முதலாளியின் முகம் சிவந்து, பிறகு மெல்லத் தணிந்தது. அவரும் ஐந்து வேளை தொழுகிற மனிதர். அளவை நிறுவையில் கைவைப்பவனுக்கு என்ன கதி என்று வெள்ளிக்கிழமைதோறும் கேட்கிறவர். “சரி, எப்பிடிப் பாக்கிற? கல்லையும் வித்துத் தொலைச்சிட்டனே” என்றார்.

மில்லுக்குப் பின்னால் சுவர் கட்டுவதற்குச் சீமெந்து வந்து இறங்கியிருந்தது. வாய் பிரிக்காத பை, ஐம்பது கிலோ என்று அச்சடித்தது, றாத்தலில் நூற்றுப்பத்து. அச்சிமுகம்மது தானே ஒன்றைத் தூக்கி வந்து மேடையில் வைத்தார். முதலாளி தன் கையால் தொங்குகல்லை மாட்டினார். நூற்றுநாலரை. இன்னொரு பை. அதுவும் நூற்றுநாலரை. மூன்றாவதுக்கும் அதே நூற்றுநாலரை வந்தபோது முதலாளி கைலேஞ்சியை எடுத்து, தராசையல்ல, தன் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்த கிழமை நிறுவைப் பரிசோதகர் வந்து குட்டை உடைத்தார். தொங்குகல் இந்தத் தராசுக்குரியதே இல்லையாம். லொறியில் ஏற்றும்போது வேறொரு தராசின் கல்லோடு மாறிப்போயிருக்கிறது. கொஞ்சம் பாரம் கூடிய கல். அதனால் மேடையில் ஏறியதையெல்லாம் குறைத்துக் காட்டியிருக்கிறது. “ஆர் கண்டுபிடிச்ச?” என்று பரிசோதகர் கேட்டார். முதலாளி அச்சிமுகம்மதைக் காட்டி, “எங்கட பழைய கல்” என்றார். சொல்லும்போது அவருடைய குரலிலும் பெருமை இருந்தது, இல்லையென்று சொல்லக்கூடாது.

ஒவ்வொருவருக்கும் குறைந்த நெல்லை நெல்லாகவே திருப்பிக் கொடுப்பது என்று முடிவாயிற்று. சம்மாந்துறைக்கும் நிந்தவூருக்கும் ஆள் போனது. காரைதீவுக்கு அச்சிமுகம்மது தானே போனார். சீனித்தம்பி வண்டிலைக் கட்டிக்கொண்டு வந்தார். அவருக்குச் சேர வேண்டிய மூட்டையை அச்சிமுகம்மது வேறு யாரையும் தொட விடவில்லை. தன் முதுகில் ஏற்றிக்கொண்டுபோய் வண்டிலில் கிடத்தினார். அதற்குப் பிறகுதான் சீனித்தம்பியின் முகத்தைப் பார்க்கத் துணிவு வந்தது.

“அண்ணே, நான் தெரிஞ்சி பொய் சொல்லல்ல.”

“அது எனக்குத் தெரியாதா?” என்றார் சீனித்தம்பி. “ஆனா என்ட மூட்டை குறையில்லை எண்டு அண்டைக்கே எனக்குத் தெரியும் காக்கா. என்ட கையால அளந்து கட்டினது.”

“அப்ப ஏன் சண்டை புடிக்காமப் போனீங்க? வாய்க்கால் தண்ணிக்கு மம்மட்டியத் தூக்கிற ஆள்தானே நீங்க!”

“தராசு சொல்லியிருந்தா சண்டை புடிச்சிருப்பன். முதலாளி சொல்லியிருந்தா அந்தத் தராசைப் பிரிச்சி எறிஞ்சிருப்பன். நீங்க சொன்னீங்க. அதால என்ட கைதான் பிழையா அளந்திட்டுதாக்கும் எண்டு போயிட்டன்.”

அச்சிமுகம்மது கண் கலங்கியதை மறைக்கத் தோள்துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தார். ஒரு மனிதன் தன் சொந்தக் கையைச் சந்தேகப்படுமளவுக்கு இவருடைய சொல்லை நம்பியிருக்கிறான். இதைவிடப் பெரிய மரியாதை ஒரு நாட்டாமைக்கு எங்கே கிடைக்கும்? இதைவிடப் பெரிய பயமும் எங்கே இருக்கிறது?

“இனி நான் ஏறமாட்டன் அண்ணே” என்றார்.

“ஏறாட்டி நான் நெல்லக் கொண்டு வேற மில்லுக்குப் போவன்” என்றார் சீனித்தம்பி. மாட்டைத் தட்டிவிட்டு, திரும்பிப் பார்க்காமலே போய்விட்டார்.

பெரும்போகத்துக்கு, சரியான தொங்குகல் வந்த பிறகு, அதே தராசில் அச்சிமுகம்மது ஏறினார். நூற்றுப்பன்னிரண்டு நின்றது. கூட்டம் ஆரவாரித்தது. ஆனால் அவர் உடனே இறங்கவில்லை. மேடையில் நின்றபடியே எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: “என்னையும் பாருங்க, உங்கட மூட்டையையும் பாருங்க. ரெண்டும் ஒத்து வராட்டி, நானே சரியெண்டு சொன்னாலும் வாயத் திறங்க.”

எண்பத்தேழில் இடுப்பு நோவால் மூட்டை சுமப்பதை நிறுத்தும்வரை, ஒவ்வொரு போகத்திலும் இதைச் சொல்லிவிட்டுத்தான் அவர் தராசிலிருந்து இறங்கினார். முதல் ஆளாக வாய் திறப்பவர் எப்போதும் சீனித்தம்பிதான். குறை இருந்தாலும் இல்லாவிட்டாலும், அச்சிமுகம்மதின் முகத்துக்கு நேரே ஒரு சண்டை பிடிக்காமல் அவர் வண்டிலைத் திருப்பியதே இல்லை.